முறுக்குக் குழாய்க்குள் ஒரு மடக்குத் தண்ணீர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, திருப்பாதிரிப்புலியூரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, சிப்காட்டில் இருக்கும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ்காரர் கூப்பிட்டார். "சார், பிரஷர் கேஜ் ஒண்ணு நல்ல பிராண்டா சொல்லுங்க. விலை பத்திக் கவலை இல்ல, ஆறு மாசமாவது நிக்கணும்" என்றார். கேஜ் என்றால் குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் என்று முள்ளால் காட்டும் வட்டக் கருவி. ஒன்றரை வருடத்தில் ஒரே இடத்தில் ஐந்து கேஜ் மாற்றியிருக்கிறார்களாம். அதில் மூன்று பிராண்ட் நான் என் கையால் பல இடங்களில் மாட்டி, ஆறேழு வருடம் ஓடிக்கொண்டிருப்பவை. எல்லா பிராண்டும் ஒரே இடத்தில் சொல்லிவைத்தாற்போலச் சாகிறது என்றால் கோளாறு கேஜில் இல்லை, மாட்டியிருக்கும் இடத்தில். ஆனால் இதை ஃபோனில் சொன்னால் யார் கேட்பார்கள்? திங்கட்கிழமை நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் பேரத்துக்குத் திரும்பினேன்.

நான் ஐடிஐயில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தவன். கம்பெனி வேலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இப்போது சொந்தமாக கேஜ், டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தை அளந்து மின் சைகையாக அனுப்பும் கருவி) எல்லாம் கேலிபரேஷன் செய்து, அதாவது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்திக் கொடுக்கிறேன். கடலூர், பாண்டி, நெல்லிக்குப்பம் பக்கம் என்று பைக்கில் சுற்றுவதுதான் பிழைப்பு. ஸ்டீம் லைனில் மாட்டிய கேஜ் ஏன் கெடுகிறது என்று இத்தனை வருடத்தில் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். அதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் இனிமேல் லிங்க் அனுப்பினால் போதும் என்ற சோம்பேறித்தனத்தில்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை போனேன். 10 கிலோ ஸ்டீம் ஹெட்டர், அதாவது ஸ்டீமைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெரிய குழாய். எங்கள் பேச்சில் கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அர்த்தம், கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கவும். ஐந்தாவது கேஜ் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த கிளிசரின் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியிருந்தது. டயலின் ஓரத்தைத் தொட்டேன், கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். கேஜைத் தொட்டால் கையை வைத்துக்கொண்டே இருக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை, இதற்கு ஒரு மீட்டரும் தேவையில்லை. கொஞ்சம் கீழே பார்த்தால் கேஜுக்கும் ஹெட்டருக்கும் நடுவில் இருக்கவேண்டிய வளைந்த குழாயைக் காணவில்லை. அதன் இடத்தில் அலுமினியத் தகடு சுற்றிய ஒரு குண்டு உருண்டை, பார்க்க வெகு அழகாக, மடிப்பு மடிப்பாக ஸ்க்ரூ அடித்து வைத்திருந்தார்கள். தகட்டைத் தட்டினேன். உள்ளே கண்ணாடிப் பஞ்சு. அதற்குள்தான் குழாய்.

லேகிங் கான்ட்ராக்டர் நல்லவர். ஹெட்டருக்குப் பஞ்சு சுற்றச் சொன்னார்கள், அவர் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றுக்கும் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

இது ஏன் தப்பு என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கேஜுக்குள் முள்ளைத் திருப்புவது ஒரு வளைந்த தட்டைக் குழாய். போர்டான் குழாய் என்பார்கள். யூஜின் போர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். அவர் ஒரு சுருள் குழாய் செய்துகொண்டிருந்தபோது அது நசுங்கித் தட்டையாகிவிட்டதாம், ஒரு முனையை அடைத்து உள்ளே அழுத்தம் கொடுத்து நிமிர்த்தப் பார்த்திருக்கிறார், குழாய் உருண்டையாகத் திரும்பும்போது சுருளும் கொஞ்சம் பிரிந்ததைக் கவனித்திருக்கிறார் என்று ஒரு கதை உண்டு. குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும், அந்த நகர்வைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். இத்தனை வருடம் கழித்தும், நான் மாட்டும் கேஜுக்குள் இருப்பது அதே குழாய்தான்.

அந்தக் குழாய் ஒரு வகையில் ஸ்பிரிங். உலோகம் சூடானால் அதன் விறைப்பு குறையும். விறைப்பு குறைந்தால் அதே அழுத்தத்துக்கு அதிகமாக நிமிரும், முள் அதிகமாகக் காட்டும். 20 டிகிரியில் சரிபார்த்த கேஜ், அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் முழு அளவில் சுமார் 0.4 சதவீதம் தவறலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. கேஜின் உடம்பு 120 டிகிரிக்குப் போய்விட்டது என்று வையுங்கள். 100 டிகிரி வித்தியாசம், 4 சதவீதம். 0 முதல் 16 வரை உள்ள கேஜில் அது 0.64 கிலோ. இது கெட்டுப்போகாத, நல்ல கேஜின் நிலைமை.

கெட்டுப்போவது வேறு கதை. சாதாரணப் பித்தளைக் கேஜில் குழாயின் முனைகளை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த வகைக்கு உள்ளே வரும் திரவம் 60 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்று கேட்டலாகில் போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. 10 கிலோ ஸ்டீமின் சூடு 183 டிகிரி. ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கிறார்களே, 63-க்கு 37 வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று, அது உருகுவதும் 183 டிகிரியில்தான். இந்த ஒற்றுமையை நான் முதலில் கவனித்தபோது சிரித்துவிட்டேன். உருகும் வரை போகவே வேண்டாம், அதற்கு வெகு முன்னாலேயே பற்று தளர்ந்துவிடும்.

சரி, எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகுக் கேஜ் போடலாமே? போடலாம். பற்றுக்குப் பதில் வெல்டிங் செய்த எஸ்எஸ் கேஜ் பொதுவாக 200 டிகிரி வரை தாங்கும். ஆனால் அதற்குள் கிளிசரின் ஊற்றினால் அந்த 200 அப்படியே 100-க்கு இறங்கிவிடும். இதைச் சொன்னால் ஸ்டோர்ஸ்காரர்கள் எல்லோருக்கும் அதிர்ச்சி. கிளிசரின் அதிர்வுக்கு மருந்து, பம்ப் பக்கத்தில் முள் ஆடாமல் இருக்க. சூட்டுக்கு அது எதிரி. நம் ஸ்டோர்ஸ்காரரோ ஒவ்வொரு தடவையும் "இன்னும் கொஞ்சம் உசத்தி" என்று நினைத்து கிளிசரின் கேஜாகவே வாங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த வளைந்த குழாய்க்கு வருவோம். சைபன் என்பார்கள், பிக்டெயில் என்றும் சொல்வார்கள். பாண்டியில் ஒரு துணி மில்லில் பாய்லர் பார்த்த என் மாமா அதை முறுக்கு என்றுதான் சொல்வார். "முறுக்கு இல்லாத கேஜும் மூக்கணாங்கயிறு இல்லாத மாடும் ஒண்ணுடா மாப்ள" என்பார், அவர் சொன்னதில் பாதி பழமொழி அவரே செய்தது. எனக்கு முதன்முதலில் கேஜைக் காட்டியவர் அவர்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும், சாப்பாட்டுக் கூடையைக் கொடுக்கப் போன இடத்தில் முறுக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பைப் பக்கத்து நுனியைக் கிட்டக்கூட நெருங்க முடியவில்லை, கேஜ் பக்கத்து நுனி தேநீர் டம்ளர் சூடுகூட இல்லை. நடுவில் ஒரு முழம் குழாய், அவ்வளவுதான். "நடுவுல என்ன இருக்கு சொல்லு" என்றார். ஸ்டீம் என்றேன். தலையில் குட்டினார்.

உள்ளே இருப்பது தண்ணீர். ஸ்டீம் அந்தக் குழாய்க்குள் புகுந்தவுடன் சுவர் குளிர்ச்சியாக இருப்பதால் தண்ணீராக மாறி வளைவின் அடியில் தேங்கி நிற்கும். கேஜ் ஒரு முட்டுச்சந்து, அதற்கு அப்பால் போக வழி இல்லை, அதனால் தண்ணீர் எங்கேயும் ஓடாது. ஸ்டீம் ஒரு பக்கம் நின்று தண்ணீரை அழுத்தும், தண்ணீர் மறுபக்கம் கேஜை அழுத்தும். அழுத்தம் முழுசாகப் போய்ச் சேரும். சூடு மட்டும் வாசலிலேயே நின்றுவிடும்.

சூடு ஏன் தண்ணீர் வழியாகப் போகாது? போகும், ஆனால் ரொம்ப மந்தமாக. அசையாத தண்ணீர் சூட்டைக் கடத்துவதில் இரும்பில் எண்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. அண்டாவில் வெந்நீர் போட்டால் சீக்கிரம் கொதிக்கிறதே என்றால், அங்கே அடுப்பு கீழே இருக்கிறது, சூடான தண்ணீர் மேலே ஏற, பச்சைத் தண்ணீர் கீழே இறங்க என்று சுற்றிக்கொண்டே இருக்கும். வளைவில் நிற்கும் தண்ணீரை ஸ்டீம் தொடுவது மேலே இருந்து. சூடான தண்ணீர் ஏற்கெனவே மேலே இருக்கிறது, அது எங்கே ஏறும்? அப்படியே மிதந்துகொண்டு நிற்கும், அடியில் இருப்பது ஆறியே கிடக்கும். வீட்டு கீசரில் மேலே வெந்நீரும் அடியில் பச்சைத் தண்ணீருமாக இருப்பதும் இதே சங்கதிதான்.

ஆக சூடு வருவது பெரும்பாலும் தண்ணீர் வழியாக இல்லை, குழாயின் இரும்புச் சுவர் வழியாக. அந்தச் சுவரை ஆற்றுவதற்கு ஒரே ஆள் வெளிக்காற்று. அதனால்தான் அந்தக் குழாய் ஒல்லியாக, நீளமாக, அம்மணமாக இருக்கிறது. ஹெட்டருக்குப் பஞ்சு சுற்றுவது சூடு வெளியே போகக்கூடாது என்பதற்காக, முறுக்கைச் சுற்றாமல் விடுவது சூடு வெளியே போகவேண்டும் என்பதற்காக. நம் லேகிங் கான்ட்ராக்டர் சுற்றிய பஞ்சு, ஹெட்டரின் சூட்டை ஒரு சொட்டு சிந்தாமல் கேஜுக்கு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. சுற்றிய பிறகு உள்ளே ஸ்டீம் தண்ணீராக மாறுவதும் குறைந்து போகும், இரண்டு பக்கமும் அடி.

தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும் என்பதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கேஜ் மாட்டிய மரையில் ஒரு சொட்டு ஒழுகினால்கூட முட்டுச்சந்து திறந்த தெருவாகிவிடும். ஒழுகின தண்ணீருக்குப் பதில் புது ஸ்டீம் வரும், அது ஆறும்போது தன் சூட்டையெல்லாம் குழாயில் கொட்டும், மறுபடி ஒழுகும், மறுபடி வரும். டெஃப்லான் டேப் நாலு சுற்று சுற்றிவிட்டால் போதும் என்று நினைத்து, கேஜின் டயல் முன்பக்கம் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கால் சுற்று பின்னால் திருப்பி விடுவார்கள் பாருங்கள், அங்கேதான் ஆரம்பிக்கும். எங்கள் கடலூர்க் காற்றுக்கு வேறு தனிக் குணம். சிப்காட் உப்பனாற்றுக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று மரை இடுக்கில் உட்கார்ந்து சாதாரண இரும்பை அரித்துவிடும். நான் முடிந்தவரை 316 எஸ்எஸ் சைபன்தான் போடச் சொல்வேன். கேஜில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

மாமாவின் முறுக்கில் கேஜுக்குக் கீழே மூன்று வழி காக், அதாவது மூன்று பக்கமும் திருப்பிவிடக்கூடிய திருகுக் குழாய் ஒன்று இருக்கும். குழாயில் துரு, உப்பு சேர்ந்து அடைத்துக்கொண்டால் கேஜ் பழைய அழுத்தத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். குறைத்தாலும் முள் இறங்காது. பாய்லர்காரனுக்கு இதைவிட ஆபத்து இல்லை. அதனால் அவ்வப்போது காக்கைத் திருப்பி ஸ்டீமை வெளியே ஊதிவிட்டு, குழாயைச் சுத்தம் செய்வார்கள். ஊதுவது எல்லோருக்கும் தெரியும், புஸ்ஸென்று சத்தம் வரும், வேலை செய்த திருப்தி கிடைக்கும். ஊதி முடித்த பிறகு குழாயில் தண்ணீர் இருக்காது என்பதுதான் பல பேருக்கு உறைக்காது. அந்த நொடியில் காக்கைக் கேஜ் பக்கம் திருப்பினால் பச்சையாக ஸ்டீம் போய் போர்டான் குழாயில் அறையும். மாமா ஊதியபின் எல்லாப் பக்கமும் மூடிவிட்டு ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடிந்ததும்தான் கேஜைத் திறப்பார். அதற்குள் ஸ்டீம் ஆறி வளைவில் தண்ணீர் கட்டிவிடும். பீடி கெடுதல், ஆனால் டைமராக அதைக் குறை சொல்ல முடியாது.

இவ்வளவு தெரிந்தும் நானே ஒரு முறை கோட்டை விட்டிருக்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். மரம் விழாத தெரு கிடையாது, பல நாள் கரன்ட் இல்லை. நான் அப்போது வேலை பார்த்த இடத்திலும் பாய்லரை நிறுத்திவிட்டார்கள். சும்மா கிடக்கும் நேரத்தில் எல்லா கேஜையும் கழற்றிச் சரிபார்த்துவிடலாம் என்று என் மூளையில் தோன்றி, கழற்றினேன், சைபன்களைக் கவிழ்த்துக் கழுவினேன், திரும்ப மாட்டினேன். கரன்ட் வந்தது, பாய்லர் மூட்டினார்கள், கேஜுக்கு வரும் ஸ்டீமை அடைக்கும் ஐசோலேஷன் வால்வுகளைத் திறந்தேன். ஒரே காலையில் மூன்று கேஜ் போயிற்று. ஒன்றின் முள் கடைசிக் குறியைத் தாண்டித் தாங்கு ஆணியில் போய் முட்டி வளைந்தே நின்றது. சைபன் சரியாகத்தான் மாட்டியிருந்தேன், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புது சைபனோ கழுவிய சைபனோ, மாட்டும்போது வால்வை மூடிவைத்து, கேஜ் பக்கத்து வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் கேஜை முடுக்க வேண்டும். அப்புறம் வால்வை மெதுவாக, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறக்க வேண்டும். சூப்பர்வைசர் திட்டவில்லை. மூன்று கேஜையும் என் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார், அதற்குத் திட்டியிருக்கலாம்.

முறுக்கில் இரண்டு சாதி உண்டு, இதை மாற்றிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. பைப்பின் தலையில் இருந்து மேல் நோக்கி எடுத்த இணைப்புக்கு வட்டமாகச் சுருண்டது. பைப்பின் பக்கவாட்டில் எடுத்த இணைப்புக்கு யு வடிவம். வட்டச் சுருளைப் பக்கவாட்டு இணைப்பில் படுக்கப் போட்டால் தண்ணீர் தங்க அடிப்பகுதியே இருக்காது, வழிந்து பைப்புக்குள் ஓடிவிடும். கடையில் எது கையிருப்பில் இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், நீங்கள்தான் பைப்பைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் விஷயத்துக்கு வருகிறேன், அங்கேதான் பணம் பெரிது. கேஜ் போனால் ஆயிரமோ இரண்டாயிரமோ. டிரான்ஸ்மிட்டருக்குள் எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் சுற்றுப்புறம் 85 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, உள்ளே அழுத்தத்தை வாங்கும் மெல்லிய தகடு, சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய டயஃப்ரம், சுமார் 120 வரை தாங்கும். கரும்பு ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்துக் கரன்ட் எடுக்கிறார்களே, அங்கே டர்பைனுக்குப் போகும் ஸ்டீம் 67 கிலோ, 485 டிகிரி என்ற கணக்கில் இருக்கும். அதைக்கூட அளப்பது இதே டிரான்ஸ்மிட்டர்தான். செய்வது என்னவென்றால், இன்ஸ்ட்ருமென்டை பைப்புக்குக் கீழே தள்ளி வைத்து, நடுவில் நீளமாக ஒரு ஒல்லிக் குழாய், இம்பல்ஸ் லைன் என்பார்கள், இறக்கி, அது முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி விடுவார்கள். பெரிய முறுக்கு, அவ்வளவுதான். லைன் மட்டமாகப் போகாமல் மீட்டருக்கு 8 சென்டிமீட்டராவது சரிவு வைத்தால் நடுவில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளாது. காற்றுக்கும் கேஸுக்கும் இன்ஸ்ட்ருமென்டை மேலே வைக்க வேண்டும், ஸ்டீமுக்குக் கீழே. ஸ்டீமுக்கு ஏன் கீழே என்று கேட்டால் பாதிப்பேர் "படிக்க வசதி" என்பார்கள்.

வசதிதான், ஆனால் அதற்கு ஒரு வாடகை உண்டு. சேதராப்பட்டு பக்கம் ஒரு டிரையர் யூனிட்டில் நடந்தது. ஸ்டீம் பைப் மேலே ரேக்கில், அதாவது பைப்புகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் போகிறது, டிரான்ஸ்மிட்டர் கீழே நெஞ்சு உயரத்தில், இரண்டுக்கும் நடுவில் ஆறரை மீட்டர் உயரம். ஆறரை மீட்டர் தண்ணீர் தன் எடையால் கொடுக்கும் அழுத்தம் 0.65 கிலோ, மீட்டருக்கு 0.1 என்று மனக்கணக்கு போட்டுவிடலாம். பைப்பில் 3.5 இருந்தால் டிரான்ஸ்மிட்டர் 4.15 காட்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி, நல்ல படிப்பு, பொறுப்பானவன், 4.15-ஐப் பார்த்துவிட்டுப் பிரஷர் குறைக்கும் வால்வை மூடி மூடி 3.5-க்குக் கொண்டுவந்துவிட்டான். உண்மையில் பைப்பில் இப்போது 2.85. ஸ்டீமின் சூடு சுமார் 5 டிகிரி குறைந்துவிட்டது, சரக்கு ஈரமாக வருகிறது, இரண்டு நாள் டிரையரையும் ஸ்டீம் டிராப்பையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அண்ணே, நான் போன ஷட்டவுன்ல ஜீரோ பண்ணினேனே" என்றான். அங்கேதான் விஷயம். ஷட்டவுனில் லைனை வடித்துவிட்டு, காலிக் குழாயோடு ஜீரோ செய்திருக்கிறான், அதாவது அப்போது காட்டியதையே பூஜ்யம் என்று வைத்திருக்கிறான். முன்னால் இருந்தவர் 0.65-ஐக் கழித்து வைத்திருந்த கணக்கு அதோடு போச்சு. தண்ணீர் நிற்கும் லைனில் ஜீரோ என்பது தண்ணீரையும் சேர்த்துத்தான். இதை டிரான்ஸ்மிட்டரின் டேக் பக்கத்திலேயே ஒரு தகட்டில் எழுதித் தொங்கவிடச் சொன்னேன், "கீழே 6.5 மீட்டர், கழிக்க வேண்டியது 0.65" என்று. 10 கிலோ லைனில் இந்த 0.65 அவ்வளவாகக் கடிக்காது, 3 கிலோ லைனில் கடிக்கும். ஃப்ளோ அளக்கும் இடங்களில் இரண்டு லைனிலும் கண்டென்சேட் பாட்டை (ஸ்டீம் ஆறித் தண்ணீர் தேங்கும் சின்னப் பாத்திரம்) ஒரே மட்டத்தில் வைப்பதும் இதற்குத்தான், இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வெளிநாட்டு மேனுவலில் இந்த லைன் உறையாமல் இருக்க ஹீட்டர் சுற்று, பஞ்சு சுற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். அங்கே தண்ணீர் பனிக்கட்டியாகும், அவர்கள் கவலை அவர்களுக்கு. அதைப் படித்துவிட்டுக் கடலூரில் இம்பல்ஸ் லைனுக்குப் பஞ்சு சுற்றச் சொன்ன ஒரு டிராயிங்கை நான் பார்த்திருக்கிறேன். மார்கழியில் சில்வர் பீச்சில் நின்றால்கூட நம் ஊரில் சால்வைதான் தேவைப்படும். நமக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். கத்திரி வெயிலில் மொட்டை ரேக்கில் நிற்கும் டிரான்ஸ்மிட்டர், பக்கத்தில் சூடான பைப், மேலே சூரியன். லைனைச் சரியாகப் போட்டாலும் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு தகரக் கூரை போதும். பலர் அதைச் செய்வதில்லை, டிஸ்ப்ளே கருத்துப் போனபிறகு கம்பெனியைத் திட்டுவார்கள்.

பெரிய ஆலைகளில் ஏதோ ஒரு வகையில் யாராவது வந்து பார்த்துவிடுவார்கள். பாய்லருக்கு 1923-இல் வந்த சட்டம், 1950-இன் ஒழுங்குமுறைகள், இப்போது 2025-இல் பழையதை எடுத்துவிட்டு வந்த புதுச் சட்டம் என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வேலை செய்ய அனுமதித்த உச்ச அழுத்தத்துக்கு நேராக டயலில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். எனக்குப் பயம் சின்ன இடங்கள்தான். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு என்றால் சட்டத்துக்கு அது பாய்லரே இல்லை. கல்யாண மண்டபச் சமையல்கட்டுகளில் இட்லிக்கும் சாதத்துக்கும் ஸ்டீம் போகிறதே, அந்த மாதிரிச் சின்ன டப்பாக்கள்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு நேரமிருக்கிறதே என்று சமையல்கட்டுப் பக்கம் போனேன், தொழில் புத்தி. டப்பாவின் தலையில் நேரடியாக ஒரு பித்தளைக் கேஜ், முறுக்கு கிடையாது, முள் 2-இல் நிற்கிறது. மாஸ்டரிடம் "எப்பவும் ரெண்டுதான் வச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். "அது எப்பவும் ரெண்டுதான்ணா, நேத்து அடுப்பு மூட்டாதப்பவும் ரெண்டுதான்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஈடு இட்லியை இறக்கினார். நான் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். மறுநாள் மண்டபத்துக்காரரிடம் சைபனும் கேஜும் வாங்கிப் போடுங்கள், அதோடு சேஃப்டி வால்வைக் கழற்றிச் சோதியுங்கள் என்று சொன்னேன். சைபன் முந்நூறு நானூறு ரூபாய்க்குள் வரும், அன்று பந்தியில் வைத்த பாதாம் அல்வா அதைவிட எவ்வளவோ மடங்கு. செய்தாரா என்று அடுத்த முகூர்த்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

சிப்காட் ஹெட்டருக்குத் திரும்புகிறேன். தகட்டை ஸ்க்ரூ கழற்றி, பஞ்சைப் பிய்த்தெடுத்தோம். உள்ளே சைபன் நல்ல சைபன், வட்டச் சுருள், இணைப்பும் பைப்பின் தலையில்தான், எல்லாம் சரி. வால்வை மூடி, இருந்த அழுத்தத்தை இறக்கி, ஆறவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலில் இருந்து ஊற்றினேன், அவ்வளவாகப் பிடிக்காது, ஒரு மடக்குதான். ஸ்டோர்ஸ்காரரின் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த பழைய எஸ்எஸ் கேஜ் ஒன்றை, அவர் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்ததை, எடைக்கல் வைத்து அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் பார்த்துவிட்டு மாட்டினேன். மெதுவாகத் திறந்தோம். முக்கால் மணி நேரம் டீ குடித்துப் பேசிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்து கேஜ் மேல் வைத்தேன். கையை எடுக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. "இருந்தாலும் நல்ல பிராண்டா ஒண்ணு சொல்லிடுங்க சார், ஸ்டாக்ல இருக்கட்டும்" என்றார். சொன்னேன், வாங்கியும் வைத்துவிட்டார்.

வரும்போது அந்த ரேக் தூணில் மஞ்சள் பெயின்டில் "முறுக்கைச் சுற்றாதே" என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தேன், லேகிங் கான்ட்ராக்டர் எப்படியும் திரும்ப வருவார். நேற்று அந்தப் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். கேஜ் நன்றாக இருக்கிறது, கை வைத்தால் இதமான சூடு. ஆண்டு ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று ஆலை முழுக்க அலுமினியம் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், தூணும் என் மஞ்சள் எழுத்தும் பளபளவென்று வெள்ளியாகிவிட்டது. பைக் பெட்டியில் இருந்து மஞ்சள் டப்பாவை எடுத்துத் திறந்தேன், காய்ந்து போயிருந்தது.